வலது பக்கத்து வளைவு

அந்தக் கட்டைப்பைய என் காலுக்குக் கீழ தள்ளிக்கம்மா, பரவால்ல. நான் உப்பிலியபுரத்துல இறங்கிடுவேன். ஜன்னலோரம் நீயே உக்காரு. எனக்குக் காத்தெல்லாம் வேண்டாம், கொஞ்சம் சாஞ்சு உக்கார இடம் கெடச்சாப் போதும். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்ச உடம்பு.

இந்த ஃபைலா? ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிட்டு வர்றேன். டூவீலர் லைசென்ஸு. பொண்ணுக்கு இல்லம்மா, எனக்குத்தான். அம்பத்திமூணு வயசாகுது. சிரிப்பு வந்தா சிரிச்சுக்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், கிரவுண்டுல அத்தனை பேரும் சிரிச்சாச்சு. எட்டு போட்டு பாஸாயிட்டேன். மூணாவது தடவை. அந்த பிரேக் இன்ஸ்பெக்டரே, "அம்மா, நல்லபடியா வீட்டுக்குப் போங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டார்.

சந்தோஷமா இல்லையான்னா, இல்ல. அசதியா இருக்கு. எட்டு மாசம் அலைஞ்சு கெடச்சா சந்தோஷப்படறதுக்கு எங்க தெம்பு இருக்கு.

அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, வெள்ளச் சட்டை, கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார் பாரு, அவர்தான் எங்க வீட்டுக்காரர். நல்லமுத்து சார்னா எங்க ஊர்ல கேட்டுப் பாரு, தெரியாதவங்க கெடையாது. மேல்நிலைப் பள்ளில லேப் அசிஸ்டெண்டா இருந்து ரிட்டையர் ஆனவர். பக்கத்துல இடம் இருந்தும் நான்தான் வேணும்னே இங்க வந்து உக்காந்தேன். காலைல பத்தரை மணிலேர்ந்து அவரோட நான் பேசல. ஏன்னு சொல்றேன். சொன்னாத்தான் எனக்கும் ஆறும்.

நான் பாட்டுக்குப் பின்சீட்டுல போய்க்கிட்டிருந்தவம்மா. இருபத்தெட்டு வருஷம். கோயிலா, கல்யாணமா, பொண்ணோட பள்ளிக்கூடமா, எல்லாத்துக்கும் அவர் பின்னாடிதான். புடவை கட்டிக்கிட்டு ஒரு பக்கமா உக்காந்து, ரெண்டு காலையும் இடது பக்கம் தொங்கப் போட்டுக்கிட்டு. வண்டி ஓட்டணும்னு நான் ஒரு நாள் கேட்டது கெடையாது. ஆசையும் கெடையாது. சில பொம்பளைங்களுக்கு அது இருக்கும், உன் வயசுக்காரங்களுக்கு இருக்கும். எனக்கு இல்ல. அவர் ஓட்டுவார், நான் உக்காருவேன், அவ்வளவுதான் எங்க ஏற்பாடு.

அவர் ரிட்டையர் ஆனதுக்கப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சு. வீட்டுல சும்மா உக்காந்தா ஆம்பளைங்களுக்கு என்ன ஆகுமோ தெரியல, ஒரு பயம் வந்துடுது. நல்லா ஓட்டிக்கிட்டிருந்தவர், "தவமணி, இடது பக்கம் எதாவது வருதா பாரு, தவமணி, அந்தச் சந்துலேர்ந்து யாராச்சும் வர்றாங்களா பாரு"ன்னு கேட்டுக்கிட்டே ஓட்ட ஆரம்பிச்சார். மாடு வருது, ஆட்டோ வருது, ஒருத்தர் குடத்தோட வர்றார்னு நான் வாய் ஓயாம சொல்லிக்கிட்டே வரணும். கோயிலுக்குப் போய் எறங்கறதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திடும். நான் என்ன பொண்டாட்டியா, பஸ்ஸுல பின்னாடி விசில் குடுக்கற ஆளான்னு ஒரு நாள் கேட்டுட்டேன்.

போன சித்திரைல ஒரு நாள் சந்தைக்குப் போனோம். வலது பக்கத்துலேர்ந்து ஒரு தள்ளுவண்டி குறுக்க வந்துச்சு. முழுசா வாழைப்பழம் ஏத்தின வண்டி, ஒரு வீடு நகர்ந்து வர்ற மாதிரி இருக்கும். நான் இடது பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன், எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியணுமா இல்லையா? நேராப் போய் இடிச்சார். யாருக்கும் அடி இல்ல. பழந்தான் ரோடெல்லாம். அந்த வண்டிக்காரர் கத்தறார், இவர் நின்ன இடத்துல நின்னுக்கிட்டு, "எங்கேர்ந்துய்யா வந்த நீ?"ன்னு அவரையே கேக்கறார். கோபமாக் கேட்டிருந்தாலும் பரவால்ல, என்னமோ நெசமாத் தெரிஞ்சுக்கற மாதிரி கேக்கறார். எனக்கு மானம் போச்சு.

மறுநாள் காலைல தோசை ஊத்திக்கிட்டிருக்கேன். சாவிய அடுப்புமேடைல வச்சார். "இனிமே நீ ஓட்டு"ன்னார். "நான் இனிமே வண்டியத் தொடறதா இல்ல"ன்னார். ரோஷம். நாலு பேருக்கு முன்னால தப்பு பண்ணிட்டா இவங்களுக்கு வர்ற ரோஷம் இருக்கே, அதை நம்ம தலைலதான் இறக்கி வைப்பாங்க. தன்னோட பழைய கியர் வண்டிய ஒரே வாரத்துல குடுத்துட்டு, ஒரு ஸ்கூட்டிய வாங்கிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்திட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கல.

எங்க ஊர்ல அருள்மேரின்னு ஒருத்தங்க பொம்பளைங்களுக்கு வண்டி சொல்லிக் குடுக்கறாங்க. ரைஸ்மில்லுக்குப் பின்னால உள்ள களத்துல. மொத நாள் மேரி டீச்சர் சாவியக் குடுத்து, "ஏறி உக்காருங்க"ன்னாங்க. ஏறி உக்காந்தேன். அவங்க என்னையே பாக்கறாங்க, நானும் அவங்களப் பாக்கறேன். என்னன்னா, நான் முன்சீட்டுல உக்காந்து ரெண்டு காலையும் இடது பக்கம் போட்டுக்கிட்டு, எப்ப கிளம்பும்ங்கற மாதிரி உக்காந்திருக்கேன். "அக்கா, நீங்கதான் ஓட்டணும்"னாங்க. அங்க இருந்த பொண்ணுங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அதுதான் என் கேடே. இருபத்தெட்டு வருஷம் இடது பக்கம் பாத்தே உக்காந்த உடம்பு. இடது பக்கம் திரும்பச் சொன்னா தண்ணி மாதிரி திரும்பிடுவேன். வலது பக்கம்னா இடுப்பு வராது, கழுத்து வராது, கண்ணு வராது. வலது பக்கம்ங்கறது எனக்கு முதுகுக்குப் பின்னால நடக்கற சமாச்சாரம், நான் என்னத்தக் கண்டேன். திரும்பினா பயத்துல கால் கீழ ஊனிடும், இல்லன்னா வண்டியோட சாஞ்சிடுவேன். மேரி டீச்சர் சொல்வாங்க, "உங்க இடுப்பு இன்னும் பின்சீட்டுலதான்க்கா இருக்கு"ன்னு.

பதினஞ்சு நாள்ல கத்துக்குவீங்கன்னாங்க. ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. கூட சேர்ந்தவங்கள்லாம் ஸ்கூட்டியில போய்க்கிட்டே எனக்கு டாட்டா காட்டறாங்க. இன்னிக்கு வந்தது நாளைக்கு வராது, அதுதாம்மா எனக்குக் கொடுமையா இருந்துச்சு. வராத விஷயம் வரலன்னா மனசு விட்டுப்போயிடும். நேத்து வந்துச்சே, கையில இருந்துச்சே, இன்னிக்கு எங்க போச்சுன்னு தேடறது இருக்கே, சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சோறு வடிக்கக் கை வராது. முழங்கால் ரெண்டும் சிராய்ப்பு. கல்யாணமான நாள்லேர்ந்து புடவைதான், இதுக்காகச் சுடிதார் வாங்கிப் போட்டேன், தெருவுல தலை நிமிர முடியல.

ஒரு நாள் துணிஞ்சு தனியா ரேஷன் கடைக்குப் போனேன். போறப்ப எல்லாம் இடது பக்கத் திருப்பம், போயிட்டேன். வர்றப்பல்ல தெரியுது, வீட்டுக்கு வலது பக்கம் திரும்பணும். எறங்கித் தள்ளலாம், வெக்கமா இருக்கு. நேரா விட்டேன். அடுத்த இடது, அதுக்கடுத்த இடதுன்னு திரும்பித் திரும்பி, பெருமாள் கோயில், பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு, மறுபடியும் பெருமாள் கோயில், ஊரையே ரெண்டு சுத்து சுத்திட்டு வீடு வந்து சேர்ந்தேன். பத்து நிமிஷத்துல வர வேண்டியவ முக்கால் மணி நேரம் கழிச்சு வர்றேன். அவர் கேட்டுலயே நிக்கறார். நான் எதுக்க வந்து வண்டிய நிறுத்தற வரைக்கும் என்னைக் கண்டுக்கல. வந்து நின்னதும் ஹேண்டில் பாரப் பிடிச்சுக்கிட்டார். "வந்துட்டியா, வந்துட்டியா"ன்னு ரெண்டு தடவை கேட்டார். வந்துதானே நிக்கறேன்னேன் நான்.

நிறுத்திடறேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு நெனக்கிற? ஓசூர்ல இருக்கற எம் பொண்ணே போன்ல, "அப்பாவுக்கு என்ன வந்துச்சு, உன்னை ஏன் இந்தப் பாடு படுத்தறார்"னு கேட்டா. நான் அழுதிருக்கேம்மா, பொய் சொல்லல. அழுதா அவர் எண்ணெயும் மஞ்சளும் காய்ச்சி முழங்காலுக்குப் போடுவார். போட்டுட்டு, "நாளைக்கு ஒரு நாள் போ"ன்னுவார். நாளைக்கு ஒரு நாள், நாளைக்கு ஒரு நாள்னு எட்டு மாசம். தைக்குள்ள லைசென்ஸு வந்துடணும்னு வேற ஒரு கெடு. என்ன அவசரம்னா சொல்ல மாட்டார். எங்க போகப் போறோம், மலைக்கா போகப் போறோம்.

அதுவும் கத்துக் குடுக்கறதுக்கு இவர் ஒரு யோசனை பண்ணினார் பாரு. மொத டெஸ்ட்டுல வலது வளைவுல விழுந்தேன். ரெண்டாவதுல அதே இடத்துல கால் ஊனினேன். அதுக்குள்ள எல்.எல்.ஆர். ஆறு மாசம் முடிஞ்சுபோச்சு. அவர் ஒரு வார்த்தை திட்டாம மறுபடியும் எழுதிப் போட்டு வாங்கிட்டு வந்தார். வந்த மறுநாள் விடியறப்ப வாசல்ல என்னமோ சத்தம். போய்ப் பாத்தா, என்னோட கோலமாவு டப்பாவ எடுத்து வச்சுக்கிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, நடுத்தெருவுல எட்டு போட்டுக்கிட்டிருக்கார். எதுத்த வீட்டு மல்லிகா வந்து, "என்ன சார், இன்னிக்கு நீங்க கோலம்?"ங்கறா.

போட்டதையாவது ஒழுங்காப் போட்டாரா? மேல் வட்டத்துக்கும் கீழ் வட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணு சாக்கடைகிட்ட நிக்குது, ஒண்ணு எங்கயோ போகுது. முப்பது வருஷம் லேப்ல சொட்டுச் சொட்டா அளந்து ஊத்தின மனுஷன், ஒரு கோட்டக் கொண்டுபோய் இன்னொரு கோட்டுல சேக்கத் தெரியல. "இதென்ன எட்டா, ரெண்டு முட்டையா?"ன்னு நாந்தான் சிரிச்சேன். அவர் மாவுக் கையோட அப்படியே நின்னார். அப்புறம் நானே வாங்கிப் போட்டேன். குனிஞ்சு, பின்னாலேயே நகர்ந்து, வலது கைப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போறப்ப, இதுதானே, இந்த வளைவுதானேன்னு தோணுச்சு. அன்னிக்கு மத்தியானம் தெருவுல ஆள் இல்லாதப்ப அது மேலயே வண்டிய விட்டுப் பாத்தேன். பத்துல நாலு தடவை வந்துச்சு. அவ்வளவுதான், அதிசயம் ஒண்ணும் நடந்துடல. மறுநாள் ரெண்டு தடவைதான் வந்துச்சு. அப்புறம் அஞ்சு. மாவு அழிய அழியப் போட்டேன், போட்டுப் போட்டு ஓட்டினேன்.

நீ கேக்கறியேன்னு சொல்றேன், அவரோட குடித்தனம் பண்றது இப்பல்லாம் லேசு இல்ல. நிலைப்படில இடிச்சுக்கறது, டம்ளரத் தட்டி விடறது, தெருவுல நடந்தா பக்கத்துல போறவங்க மேல மோதிட்டு, நீ ஏன் மோதினேன்னு பாக்கறது. கவனமே கெடையாது. நான் பக்கத்துல நின்னு பேசினா திரும்ப மாட்டார். "முன்னாடி வந்து பேசு தவமணி"ன்னுவார். முன்னாடி வந்து நின்னு பேசணுமாம், கலெக்டர்கிட்ட மனு குடுக்கற மாதிரி. கண்ணுல அலர்ஜின்னு ஒரு சொட்டு மருந்து வச்சிருக்கார், ஃபிரிட்ஜ் கதவுல இஞ்சிப்பூண்டு விழுதுக்குப் பக்கத்துல. மாசா மாசம் திருச்சிக்குப் போய் வாங்கிக்கிட்டு வரார். அலர்ஜி மருந்து இங்க கெடைக்காதான்னா, இது வேற கம்பெனிங்கறார். இத்தனையும் பொறுத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்.

ஆனா இன்னிக்குக் காலைல நடந்ததப் பொறுக்க முடியல.

டெஸ்ட்டுக்கு வரிசைல நின்னுக்கிட்டிருக்கேன். அவர் வந்து சொன்னார், "வலது பக்கம் அந்தப் புளியமரத்தடில நான் நிக்கறேன். வளைவு வர்றப்ப வேற எதையும் பாக்காத. என்னைப் பாரு"ன்னு. இந்த எட்டு மாசத்துல அவர் சொன்னதுலயே உருப்படியான வார்த்தை அதுதான். சரின்னேன். பேர் கூப்பிட்டாங்க. மேரி டீச்சரோட வண்டிய எடுத்தேன். இடது வட்டம் முடிஞ்சுது. வலது வந்துச்சு. நிமிர்ந்து அவரப் பாத்தேன். வெள்ளச் சட்டை, மரத்தடி. பாத்துக்கிட்டே இருந்தேன், வண்டி தானா அந்தப் பக்கம் வளையுது. இடுப்பு வந்துச்சு, கழுத்து வந்துச்சு. கால் ஊனல. ரெண்டாவது எட்டும் போட்டேன். மேரி டீச்சர் கை தட்டறாங்க, அங்க நின்னவங்கள்லாம் தட்டறாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வண்டிய நிறுத்திட்டு அவர்கிட்ட ஓடறேன். கிட்ட போறப்ப காதுல விழுது. பக்கத்துல நிக்கற யாரோ ஒரு ஆள்கிட்டக் கேக்கறார். "தம்பி, அந்தம்மா முடிச்சுட்டாங்களா? கால் கீழ ஊனலையே?"

என்னைப் பாருன்னு சொன்ன மனுஷன் என்னைப் பாக்கவே இல்லம்மா. கோழி மாதிரி தலைய அங்கயும் இங்கயும் திருப்பிக்கிட்டு நிக்கறார். எதப் பராக்குப் பாத்தாரோ. அம்பத்திமூணு வயசுல, வாழ்க்கைல மொத தடவையா நான் ஒண்ணு செஞ்சிருக்கேன், அது அவர் சொன்னதுக்காகச் செஞ்சது, அவர் கண்ணு முன்னாடி செஞ்சது, அவர் பாக்கல. எனக்கு விட்டுப்போச்சு. "நான் போட்டத நீங்க பாத்தீங்களா?"ன்னு கேட்டேன். "பாத்தேன், பிரமாதம்"னு பொய் சொல்றார். அதோட நான் வாய மூடிக்கிட்டேன்.

லைசென்ஸு தபால்ல வரட்டும். பீரோல வச்சுப் பூட்டிடறேன். போதும். இனிமே ஸ்கூட்டியத் தொட மாட்டேன். வண்டி எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல சைக்கிள் ஸ்டாண்டுலதான் இருக்கு. காலைல வீட்டுலேர்ந்து அவரே ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு வந்தார். டெஸ்ட்டுக்கு முன்னாடி நான் ஓட்ட மாட்டேன், நீங்க ஓட்டுங்கன்னேன். தள்ளினாலும் தள்ளுவேன், ஏற மாட்டேன்ங்கறார், அவ்வளவு பிடிவாதம். இப்ப எறங்கினதும் சாவிய அவர் கையில குடுத்துடப் போறேன். நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க, நான் நடந்து போறேன்னு சொல்லப் போறேன். கடைத்தெருவுல இன்னிக்குச் சந்தை, கூட்டமா இருக்கும். ஓட்டட்டும். ஓட்டித்தான் ஆகணும்.

என்னம்மா கேட்ட?

கண்ணா? கண்ணுக்கு என்ன, கண்ணு நல்லாத்தான் இருக்கு. பேப்பர் படிக்கறார். டிவி பாக்கறார், நேரா உக்காந்து. நேரா இருந்தா எல்லாம் தெரியும் அவருக்கு. ஊசில நூல் கோத்துக் குடுப்பார். பக்கத்துலதான் கொஞ்சம்...

இரு. அந்தத் தள்ளுவண்டிய அவர் பாக்கலன்னா சொல்ற. அவ்வளவு பெரிய வண்டிய.

உங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சா? குழாய்க்குள்ளேர்ந்து பாக்கற மாதிரின்னு சொன்னாரா அவர்? சொட்டு மருந்து ஃபிரிட்ஜுலதான் வைப்பாங்களா. அவருக்கு இப்ப எப்படி இருக்கு? வேண்டாம், சொல்லாத. நீ முகத்த வச்சுக்கிட்ட விதத்துலயே தெரியுது, சொல்லாத.

அலர்ஜின்னாரே.

மாசா மாசம் ஒத்தை ஆளா திருச்சிக்குப் போயிட்டு வந்திருக்கார். நான் சாம்பார்ப் பொடி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். ரெண்டு முட்டைன்னு சிரிச்சேனே, எதுத்த வீட்டு மல்லிகா முன்னாடி. புளியமரத்தடில நின்னு என்னைத் தேடிக்கிட்டிருந்திருக்கார்ம்மா. நான் வட்டம் போடறேன், அவர் கண்ணுக்குள்ள வர்றேன், போறேன். பராக்குப் பாக்கறார்னு நெனச்சேன். தேடியிருக்கார். இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாம்.

தைக்குள்ளன்னாரே, அது டாக்டர் அவர் கண்ணுக்குச் சொன்ன கெடுவா?

பெட்ரோல் பங்க் வந்தாச்சு. அடுத்தது எங்க ஸ்டாப்பு. அவர் எந்திரிக்கல பாரு, கண்டக்டர் ஊர்ப் பேரச் சொன்னாத்தான் எந்திரிப்பார். ஜன்னல் வழியாப் பாத்துத் தெரிஞ்சுக்க மாட்டேங்கறார்னு போற வர்றப்பல்லாம் அதுக்கும் திட்டியிருக்கேன்.

நான் அவர்கிட்ட ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கேட்டா அவர் சொல்லணும். சொல்லக் கூடாதுன்னுதானே தெருவுல உக்காந்து கோலம் போட்டிருக்கார். அவரா சொல்ற அன்னிக்குச் சொல்லட்டும், நான் புதுசாக் கேட்ட மாதிரி கேட்டுக்கறேன்.

காலை நகத்திக்கம்மா, நான் முன்படிக்குப் போயிடறேன். அவருக்கு முன்னாடி எறங்கணும். பக்கத்துல நிக்காம, படிக்கு நேரா நின்னு, ஸ்கூட்டில பின்னாடி ஏறிக்கங்கன்னு சொல்லணும்.